தொண்டர் சபைகளும் தெருச் சுவர்களும்

தேர்தல் வந்துவிட்டால் நம் நாட்டில் தொண்டர்களுக்குப் பஞ்சமில்லை. தேர்தல் முடிந்த மறுநாள் அவர்களில் ஒருவரையேனும் காண்பது அரிது. கூலியும் புகழும் கருதாமல், வாரந்தவறாது கூடி, வரவு செலவு எழுதி, ஏழையின் வீட்டுப்படி ஏறி இறங்கும் சபைகள் நம்மிடையே எத்தனை உண்டு? தேசத் தொண்டில் ஈடுபட்டவர்கள் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. அப்படிப்பட்ட சபைகள் எவ்வாறு நடைபெறுகின்றன என்று அறிய விரும்புவோர், கடலூர், சிதம்பரம் வட்டாரத்துக் கத்தோலிக்கப் பங்குகளைச் சற்று உற்று நோக்குவார்களாக. பங்கு என்பது ஒரு கோவிலையும், அதைச் சேர்ந்த குடும்பங்களையும், அவற்றை மேற்பார்க்கும் குருவையும் சேர்த்துக் குறிக்கும் சொல்லாகும்.

இவ்வட்டாரத்திற்குக் கிறிஸ்தவம் புதியதன்று. விருத்தாசலத்திற்கு அருகே கோணான்குப்பத்தில் வீரமாமுனிவர் எழுப்பிய பெரியநாயகி அன்னையின் ஆலயம் பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1886இல் ஏற்பட்ட புதுச்சேரி உயர் மறைமாவட்டம் 1953இல் கடலூரின் பெயரையும் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டது. ஆகவே இச்சபைகளின் குணமும் குற்றமும் நம் மண்ணின் குணமும் குற்றமுமே.

சபைகளின் அமைப்பு

முதலில் வின்சென்ட் தே பவுல் சபையை எடுத்துக்கொள்வோம். 1833இல் பாரிஸ் நகரில் இதைத் தோழர்களுடன் தொடங்கிய பிரெடரிக் ஓஸனாம், அப்போது இருபதே வயது நிரம்பிய சட்ட மாணாக்கர். "உங்கள் சமயம் இன்றைய ஏழைக்கு என்ன செய்கிறது?" என்ற பொருள்பட எதிர்வாதம் செய்தவர்களுக்கு அவர் மேடையில் பதில் சொல்வதோடு நில்லாமல், ஏழைகளின் இருப்பிடங்களைத் தேடிச் சென்று பதில் சொன்னார். இருவர் இருவராக ஏழைக் குடும்பங்களை நேரிற் கண்டு உதவுவதே இச்சபையின் முறையாகும்.

மரியாயின் சேனை என்பது மற்றொன்று. இது 1921இல் டப்ளின் நகரில் தோன்றியது. இதனைத் தோற்றுவித்த பிராங்க் டப் என்பவர் சர்க்கார் உத்தியோகஸ்தர்; வின்சென்ட் தே பவுல் சபையிலும் உழைத்தவர். சேனையினர் வாரந்தோறும் கூடி, குறிப்பிட்ட வேலையை ஏற்று, அடுத்த வாரம் அதற்குக் கணக்கொப்பிக்க வேண்டும். பொருளுதவி செய்வது இவர்களுக்கு விலக்கப்பட்டுள்ளது. நோயாளியைக் காண்பதும், பிரிந்து போனவரைத் தேடிச் செல்வதுமே இவர்கள் கடன். இவையன்றிப் பாடகர் குழு, பீடச் சிறுவர், வேதவாசகம் படிப்போர், ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி கற்பிப்போர், இளைஞர் குழு, மாதர் சபை என்று பல உண்டு.

1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம், திருச்சபையின் பணி குருமாருக்கு மட்டும் உரியதன்று, பொதுநிலையினருக்கும் அதில் உரிமையும் கடமையும் உண்டு என்று விளக்கிற்று. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தே தீரவேண்டுமென்று விதித்தது. பங்குப் பேரவைக்கோ யோசனை கூறும் உரிமை மட்டுமே உண்டு, முடிவு குருவினுடையது. இது குறைவான உரிமையே என்று சட்டம் படித்தவர் சொல்லக்கூடும். எனினும், கணக்கைப் பலர் அறியப் பார்க்கும் பழக்கம் ஏற்படுவது எந்த ஸ்தாபனத்திற்கும் நலமே.

அன்பியமும் தெருவும்

இவை எல்லாவற்றிலும் இன்று முக்கியமானது அன்பியம். அண்டை அயலாரான சில குடும்பங்கள் ஒருவர் வீட்டில் கூடி, வேதவாசகம் படித்து, மௌனமாகச் சிந்தித்து, தம் எண்ணங்களைப் பகிர்ந்து, செய்ய வேண்டிய காரியம் ஒன்றைத் தீர்மானித்துக் கலைவது இதன் முறை. ஆசிய ஆயர்கள் 1990இல் பாண்டுங் நகரில் கூடியபோது, திருச்சபை இத்தகைய சிறு சமூகங்களின் கூட்டாக விளங்க வேண்டுமென்று வற்புறுத்தினார்கள். தமிழ்நாட்டில் அதற்கு இட்ட பெயர் அன்பியம். பெயர் அழகியது, கருத்தும் உயர்ந்தது.

ஆனால் இங்கேதான் சிக்கல் இருக்கிறது. அன்பியம் அண்டை வீட்டாரைக் கொண்டது. நம் கிராமங்களில் அண்டை வீட்டார் யார்? ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம். நடுவே ஒரு வயலோ வாய்க்காலோ. தெருவே ஜாதியாக இருக்குமிடத்தில், தெருவை அளவுகோலாகக் கொண்டு அன்பியத்தைப் பிரித்தால், சுவர் எழுப்பாமலே சுவர் எழுந்துவிடுகிறது. ஊர்த்தெருவார் ஊர்த்தெருவில் கூடுகிறார்கள்; சேரியார் சேரியில் கூடுகிறார்கள். இரு கூட்டங்களிலும் அன்பைப் பற்றிய வாசகமே படிக்கப்படுகிறது. ஒருவர் வீட்டுத் தண்ணீரை மற்றவர் குடிக்க நேரும் சந்தர்ப்பமோ வருவதில்லை.

இரண்டு சாட்சியங்கள்

இது வீண் அச்சம் என்போருக்கு இரண்டு சாட்சியங்களைக் காட்டுவோம். 1745இல் புதுச்சேரிக் கோவிலுக்குள் ஜாதிக் கிறிஸ்தவரையும் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவரையும் பிரித்து நின்ற குறுக்குச் சுவரைப் பற்றி ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். தாழ்த்தப்பட்டோர் திரண்டு சென்று முறையிட்டனர், சுவர் இடிக்கப்பட்டது. பின்னர் நிகழ்ந்ததென்ன? அதே உயர் மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில், 2008 மார்ச்சு மாதம், தலித் கிறிஸ்தவர்கள் தமக்கெனத் தனிப் பங்கு வேண்டுமென்று போராடினார்கள். கலகம் மூண்டது; போலீசார் சுட்டதில் வன்னியக் கிறிஸ்தவர் இருவர் உயிரிழந்தனர். இறந்தவரும் போராடியவரும் ஒரே பீடத்தின் முன் மண்டியிட்டவர்கள். இடையில் கழிந்தவை 263 ஆண்டுகள்! கல்லால் எழுப்பிய சுவரை ஒரு நாளில் இடிக்கலாம். மனத்தில் எழுந்த சுவருக்கு எத்தனை நூற்றாண்டுகள் வேண்டும்?

இந்திய ஆயர் பேரவை 2016இல் வெளியிட்ட கொள்கை அறிக்கையில், தீண்டாமை கொடிய சமூகப் பாவமென்று ஒப்புக்கொண்டிருக்கிறது. ஒப்புக்கொள்ளும் துணிவைப் பாராட்டுகிறோம். ஆனால் அறிக்கைகள் எறையூர்த் தெருக்களில் தாமாக நடந்து செல்ல மாட்டா.

சர்க்கார் சட்டத்தின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1950ஆம் ஆண்டின் ஜனாதிபதி ஆணை தாழ்த்தப்பட்டோர் பட்டியலை இந்துக்களுக்கு மட்டும் உரியதாக்கிற்று. அது 1956இல் சீக்கியருக்கும், 1990இல் பௌத்தருக்கும் விரிந்தது, கிறிஸ்தவருக்கு விரியவில்லை. சட்டப்படி அவர் தாழ்த்தப்பட்டவரல்லர். ஊர் வழக்கப்படியோ அவர் தாழ்த்தப்பட்டவரே. வெளியே சலுகையும் இன்றி, உள்ளே சமத்துவமும் இன்றி நிற்பவனுக்கு அன்பியம் என்ற சொல்லால் என்ன பயன்?

நமக்கு இதில் என்ன?

பிற சமயத்தாரின் வீட்டு விவகாரத்தில் நமக்கென்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நம் கைகள் சுத்தமானவை என்று சொல்ல நாம் வரவில்லை. மதுரை மீனாட்சி அம்மன் கோவிலின் கதவு 1939இல்தான் எல்லோருக்கும் திறந்தது. சென்னை மாகாணத்தின் ஆலயப் பிரவேசச் சட்டம் 1947இல்தான் வந்தது. நந்தனாரின் நினைவு நிலைத்த சிதம்பரத்தில், சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயராலேயே 1916இல் பள்ளி தொடங்கி, ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். நந்தனாரைப் பாடி உருகியவர் அநேகர். நந்தனாரின் பிள்ளைகளுக்குப் பலகையும் சோறும் அளித்தவர் சிலரே. இரு சமயத்தாருக்கும் நோய் ஒன்று. ஆதலின் மருந்தும் ஒன்றே.

மருந்து என்ன? அன்பியத்தின் எல்லையைத் தெருவின் நீளத்தில் வகுக்காமல், ஊரையும் சேரியையும் ஊடறுத்து வகுக்க வேண்டும். கூட்டம் முறைவைத்து எல்லார் வீட்டிலும் நடக்க வேண்டும். அவ்வீட்டுத் தண்ணீரை எல்லோரும் பருக வேண்டும். ஏழைகளைக் காணச் செல்லும் இருவரில் ஒருவர் ஒரு தெருவினராகவும், மற்றவர் மறு தெருவினராகவும் இருக்கட்டும். பேரவையிலும் நிதிக்குழுவிலும் சாவி எவர் கையில் என்று கேட்கட்டும். திருவிழாத் தேர் எல்லாத் தெருக்களிலும் வரட்டும். இறந்தவரைச் சுமக்கப் பாடை ஒன்று, புதைக்கக் கல்லறைத் தோட்டம் ஒன்று என்றிருக்கட்டும். வாசகர் பணியையும் பீடத்துணைவர் பணியையும் பெண்களுக்கும் முறையாக அளிக்க 2021இல் போப் பிரான்சிஸ் சட்டத்தையே திருத்தினார். ரோமாபுரியில் சட்டம் மாறக் கூடுமானால், தென்னார்க்காட்டில் தேர் செல்லும் பாதை மாறக் கூடாதா?

2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கிக் கடலூர்க் கரையை அழித்தது; 2011இல் தானே புயலும், 2015இல் பெருவெள்ளமும் வந்தன. அலை எவர் ஜாதியையும் கேட்கவில்லை. துன்பம் வந்தபோது மட்டும் சகோதரராயிருந்து, தண்ணீர் வடிந்ததும் தெருவுக்குத் திரும்புவது சகோதரத்துவமாகாது. வாரந்தோறும் கூடும் பழக்கமும், கணக்கொப்பிக்கும் ஒழுங்கும் இச்சபைகளுக்கு இருக்கின்றன. அந்த ஒழுங்கைத் தேசத் தொண்டர்கள் இவர்களிடம் கற்பார்களாக. இச்சபையினரோ, வாய்க்காலைத் தாண்டி அடுத்த தெருவில் காலடி வைப்பார்களாக. அந்த ஒரு காலடியே தொண்டின் உரைகல்.