மஞ்சள் கருவின் கடல் பயணம்

பாரம்பரிய இனிப்பு என்றாலே ஒரு மண்ணில் மட்டும் முளைத்தது என்று நம்பிவிடுகிறோம். போர்ச்சுகலின் முட்டை இனிப்புகள் அதை மறுக்கின்றன. 15ஆம் நூற்றாண்டில் மதீரா தீவில் கரும்பு விளைந்ததும் சர்க்கரை பெருகியது. கன்னியர் மடங்களில் மஞ்சள் கருவும் பாகும் சேர்ந்து விதவிதமான பலகாரங்களாயின. துணிக்குக் கஞ்சி போட வெள்ளைக் கருவை எடுத்ததால் மஞ்சள் கரு மிஞ்சியது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் காரணம். கொதிக்கும் பாகில் மஞ்சள் கருவை மெல்லிய இழைகளாக ஊற்றும் கலை கப்பலேறியது. தாய்லாந்தில் அது 'ஃபோய் தோங்', ஜப்பானில் 'கெய்ரான் சோமென்'. கோவாவின் அடுக்கு இனிப்பான பெபிங்காவிலும் மஞ்சள் கருவே பிரதானம். ஆனால் அதில் தேங்காய்ப்பாலும் சேர்கிறது.

அப்படியானால் இவை இரவல் பண்டங்கள்தானே என்று கேட்கலாம். செய்முறை வந்த வழியை மட்டும் பார்த்தால் அது சரி. ஆனால் ஓர் ஊர் தன் கைப்பொருளைக் கலந்து, தன் சடங்கில் இடம் கொடுக்கும்போது பண்டம் அந்த ஊருடையதாகிறது. தாய்லாந்துத் திருமணங்களில் அறுபடாத பொன்னிற இழைகள் நீண்ட வாழ்வுக்கு அடையாளம்; அந்தப் பொருள் லிஸ்பனிலிருந்து வரவில்லை. 2023இல் கோவா பெபிங்காவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் பொருத்தமே. குறியீடு காப்பது செய்முறையின் பிறப்பிடத்தை அல்ல, ஒரு வட்டாரத்தோடு பிணைந்த பெயரை. பாரம்பரியத்துக்குத் தூய்மை தேவையில்லை. தொடர்ந்து செய்யும் கைகள் போதும்.