கொட்டலசும் ஓதமும்

காட்டுப்பள்ளி கப்பல்தளத்தில் பழுதுபார்க்கக் கரையேற்றும் கப்பலின் அடிவயிற்றைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எஃகை மூடிக் கொட்டலசு என்னும் ஓட்டுயிர் அப்பிக் கிடக்கும். காந்தத்தால் ஒட்டும் வெடியை அதன்மேல் வைத்தால் நிற்காது, முதலில் சுரண்ட வேண்டும். நள்ளிரவில், கலங்கிய ஆற்றில், எதிரியின் கப்பலடியில்!

1971 வங்கதேச விடுதலைப் போரில், பாகிஸ்தான் வசமிருந்த துறைமுகங்களில் இதைச் செய்யப் பயிற்சி கொடுத்தவர் இந்தியக் கடற்படையின் கமாண்டர் எம்.என்.ஆர். சாமந்த். 'கரஞ்ச்' நீர்மூழ்கியின் முதல் தளபதி. பலநூறு டன் எஃகுக்குள் இருந்து கடலை அறிந்தவர், பிளாசி அருகே பாகீரதிக் கரையில் வங்காள இளைஞர்களை வெறும் உடம்போடு நீரில் இறக்கினார். பிரான்சின் தூலோனில் பாகிஸ்தான் நீர்மூழ்கியை விட்டுத் தப்பி வந்த எட்டு வங்காள மாலுமிகளும் அவர்களோடு சேர்ந்தார்கள்.

வெடி சிறியது, நெஞ்சில் கட்டிக்கொண்டு நீந்தலாம். அது பெரிய கப்பலைப் பிளப்பதற்குக் காரணம் தண்ணீர். காற்றில் வெடித்தால் வாயு நாலாபக்கமும் பரவிவிடும். நீரோ எளிதில் அமுங்காது, பின்னாலிருந்து இறுக்கிப் பிடிக்கும். எதிரே மெல்லிய தகடு, அதன் பின்னே வெற்றுக் காற்று. விசைக்கு அந்தப் பக்கம்தான் வழி.

சிக்கல் நேரத்தில் இருந்தது. வெடியில் ஒரு கரையும் அடைப்பான். தண்ணீர் பட்டதும் கரையத் தொடங்கி, அரை மணி நேரத்தில் வெடியை முடுக்கிவிடும். நீந்திப் போகவே அதற்குமேல் ஆகும். தீர்வு, ஆணுறை! அதை மாட்டிவிட்டால் அடைப்பான் நனையாது. கப்பலை அடைந்ததும் உருவி எறிய வேண்டும். இதைவிட அழகான பொறியியலை நான் அறியேன்.

மிச்சம் ஓதத்தின் கையில். நம் எண்ணூர், பழவேற்காடு கடற்கரையில் ஏற்றவற்றம் ஒரு மீட்டர் அளவே. வங்கத்துக் கழிமுகங்களில் அது பல மீட்டர். நீரோட்டத்தை எதிர்த்து எந்த மனிதத் தோளும் அங்கே நிற்காது, அது திரும்பும் வேளையைக் கணித்துத்தான் இறங்க வேண்டும். இருட்டும் வேண்டும். 1971 ஆகஸ்ட் 6ஆம் தேதி பௌர்ணமி. ஆகவே தாக்குதலுக்குக் குறித்த ஆகஸ்ட் 15 இரவு தேய்பிறை நிலா நள்ளிரவை ஒட்டித்தான் எழும்.

அன்றிரவு சிட்டகாங், மோங்லா, சாந்த்பூர், நாராயண்கஞ்ச் என நான்கு துறைமுகங்களிலும் வெடித்தது. உத்தரவு போனது கொல்கத்தா வானொலிப் பாட்டுகளில். முதல் பாட்டு ஆயத்தமாக, இரண்டாவது பாட்டு இறங்க. சிட்டகாங்கில் 'ஹோர்முஸ்', 'அல் அப்பாஸ்' கப்பல்கள் தாக்குண்டன.

டிசம்பரில் சாமந்த் சிறு பீரங்கிப் படகுகளோடு குல்னா வரை ஆற்றில் ஏறினார். 10ஆம் தேதி இந்திய விமானங்களே எதிரியென்று மயங்கி அவற்றில் 'பத்மா', 'பலாஷ்' இரண்டையும் மூழ்கடித்தன. நீரில் தத்தளித்தவர்களை மீட்டது அவர் இருந்த 'பன்வேல்'. மகாவீர் சக்ரா பெற்ற சாமந்த், 2019இல் காலமானார்.