ஒரே கொட்டை, இரண்டு எண்ணெய்

சாதிக்காய்க் கொட்டையைக் குறுக்கே வெட்டினால் வெளிறிய பரப்பில் கபில நிறக் கோடுகள் நெளிந்து ஓடுவது தெரியும். இரண்டிலும் எண்ணெய் இருக்கிறது, ஆனால் ஒரே எண்ணெய் அல்ல. வெளிறிய பகுதி முளைக்கருவுக்கான உணவுச் சேமிப்பு. மாப்பொருளோடு திண்மமான கொழுப்பும் அதில் நிறைந்திருக்கும். கபிலக் கோடுகளில் இருப்பது மணம் தரும், காற்றில் ஆவியாகும் எண்ணெய். கொட்டையின் எடையில் கால் பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்கு வரை கொழுப்பு; மண எண்ணெய் 5 முதல் 15 சதவீதம். கடதாசியில் தேய்த்தால் முன்னது கறையாக நின்றுவிடும், பின்னது சற்று நேரத்தில் பறந்துவிடும். சாதிக்காயையும் அதன் இனத்து மரங்களையும் ஒப்பிடும்போது இந்த இரண்டும் வெவ்வேறு கதை சொல்கின்றன. கொழுப்பு குடும்பத்தைக் காட்டிக்கொடுக்கிறது. மண எண்ணெயை நம்பி உறவு சொல்ல முடியாது.

இந்த ஒப்பீட்டுக்கு வேண்டிய மரங்களில் பலவற்றை உக்குவளையில் ஒரே வளவுக்குள் காணலாம். மாத்தளை நகருக்குத் தெற்கே, கண்டியிலிருந்து வரும் ரயில் பாதையில் உள்ள இந்த ஊரின் பெயரைச் சொன்னால் வெளியூர்க்காரருக்கு நினைவு வருவது நீர்மின் நிலையம்தான். பொல்கொல்லையில் மறிக்கப்பட்ட மகாவலி நீர் சுரங்கவழி வந்து 1976 முதல் அங்கே மின்சாரம் தந்து சுது கங்கையில் கலக்கிறது. தாவரங்களைக் கவனிப்பவருக்கு அதைவிடச் சுவையானவை ஊரின் வீட்டுத் தோட்டங்கள். தென்னை, பலா, மா நிழலில் சாதிக்காய், கராம்பு, கொக்கோ, கறுவா, வெண்ணெய்ப்பழம் எனப்படும் அவகாடோ, மரத்தில் ஏறிய மிளகு, வேலியோரத்தில் அன்னமுன்னா என்று அடுக்கடுக்காக வளரும் கண்டிய முறைத் தோட்டங்கள் அவை. இலங்கையில் சாதிக்காய் முக்கியமாக விளைவது கண்டி, கேகாலை, மாத்தளை மாவட்டங்களில். வாசனைப் பயிர்களை ஆராயும் ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் மத்திய ஆராய்ச்சி நிலையமும் மாத்தளையில்தான் உள்ளது.

கொழுப்பு என்பது கிளிசரோல் மூலக்கூறு ஒன்றில் மூன்று கொழுப்பமிலங்கள் தொற்றிக்கொண்ட பொருள். பெரும்பாலான விதைகளில் அந்த மூன்றும் கலப்பாக இருக்கும். சாதிக்காயிலோ மூன்று இடத்திலும் பெரும்பாலும் ஒரே அமிலம், 14 காபன் அணுக்கள் கொண்ட மிரிஸ்டிக் அமிலம். லயன் பிளேபயர் என்ற வேதியியலாளர் 1841இல் சாதிக்காய் வெண்ணெயிலிருந்துதான் அதை முதலில் பிரித்தெடுத்தார். தாவரத்தின் இலத்தீன் பெயரான மிரிஸ்டிக்காவே அமிலத்துக்கும் ஒட்டிக்கொண்டது. அரைத்த சாதிக்காயைக் கரைப்பானில் ஊறவைத்து வடித்துக் குளிரவிட்டால் வெள்ளைப் பளிங்குகளாக இறங்கும் ட்ரைமிரிஸ்டின் ஏறத்தாழ 56 பாகை செல்சியஸில் உருகும். ஒரு தாவரத்திலிருந்து இவ்வளவு எளிதாக இவ்வளவு தூய கொழுப்புக் கிடைப்பது அபூர்வம். பல்கலைக்கழக ஆய்வுகூடங்களில் முதலாம் வருட மாணவருக்கு இந்தப் பரிசோதனை கொடுக்கப்படுவது அதனால்தான்.

சாதிக்காய்க்குச் சொந்தங்கள் வெப்பமண்டலம் எங்கும் உண்டு. இலங்கையின் ஈரவலயக் காடுகளில் சிங்களத்தில் மலபொட என்று வழங்கும் காட்டுச் சாதிக்காயும், மணமுள்ள பூக்களுக்காகப் போற்றப்படும் ருக் மரமும் இதே குடும்பம். மேற்குத் தொடர்ச்சி மலையில் மிரிஸ்டிக்கா மலபாரிக்கா இருக்கிறது. அமேசன் காட்டில் விரோலா இன மரங்கள், மேற்கு, மத்திய ஆபிரிக்காவில் கொம்போ. கடல்கள் பிரித்துவைத்த இந்த மரங்களின் விதைக் கொழுப்பைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒற்றுமை துலக்கமாகத் தெரிகிறது. உக்குவளையில் பொறுக்கும் சாதிக்காயின் கொழுப்பில் மிரிஸ்டிக் அமிலம் முக்கால் பங்கு. ஒட்டோபா எனப்படும் தென்னமெரிக்க விரோலாவில் 73 சதவீதம் அளவில் வருகிறது. மெழுகுதிரி செய்யப் பயன்பட்ட இன்னொரு விரோலாவான உக்கூபாவின் விதையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல். கொம்போவில் 60 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. ஆனால் அதன் கொழுப்பில் இன்னொரு கால் பங்கு மிரிஸ்டோலெயிக் அமிலம், அதாவது அதே 14 காபன் சங்கிலி இரட்டைப் பிணைப்பு ஒன்றோடு. இரண்டையும் கூட்டினால் கொம்போ சாதிக்காயையே மிஞ்சிவிடுகிறது.

இதில் இடறுவது பக்கத்து வீட்டு உறவான மலபாரிக்காதான். சாதிக்காயோடு ஒரே பேரினத்தைச் சேர்ந்த அதில் மிரிஸ்டிக் அமிலம் 40 சதவீதம் அளவில் நின்றுவிட, 18 காபன் கொண்ட ஓலெயிக் அமிலம் அதை முந்திவிடுகிறது. அத்திலாந்திக்குக்கு அப்பால் உள்ள தூரத்து உறவு முக்கால் பங்கு ஒத்துப்போக, ஒரே பேரினத்து இனம் பாதியில் விலகுகிறது. குடும்பக் குணம் என்பது ஒரு சாய்வு மட்டுமே, எல்லா உறுப்பினரையும் கட்டும் விதி அல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. மலபாரிக்காவின் விதையைச் சுற்றியுள்ள சிவந்த பத்திரி வணிகத்தில் ராம்பத்திரி என்று பெயர் பெற்றது. நிறம் மிகுதி, மணம் சொற்பம். சாதிபத்திரியோடு கலந்து விற்கும் மோசடிக்கு அது மிகவும் வசதியானது.

விதைக் கொழுப்பில் குடும்பம் தெரிகிறது என்பதை முறையாக நிறுவியவர் லிவர்பூல் பல்கலைக்கழகப் பேராசிரியர் தோமஸ் பேர்சி ஹில்டிச். இயற்கைக் கொழுப்புகளின் வேதியியல் அமைப்பைப் பற்றி 1940இல் அவர் வெளியிட்ட நூல் நூற்றுக்கணக்கான தாவரங்களின் விதைகளைக் குடும்பவாரியாக வரிசைப்படுத்தியது. அந்தக் காலத்து முறை மிகவும் பாடுபடுத்தும் ஒன்று. கொழுப்பை அமிலங்களாக உடைத்து, ஈய உப்புகளாக்கித் திண்மத்தையும் திரவத்தையும் பிரித்து, எஸ்டர்களாக மாற்றி, வெற்றிடத்தில் வடித்துப் படிப்படியாகப் பிரிக்கவேண்டும். கைநிறையக் கொழுப்பும் நாட்கணக்கில் பொறுமையும் வேண்டும். ஏ. டி. ஜேம்ஸ், ஏ. ஜே. பி. மார்ட்டின் இருவரும் 1952இல் வாயு நிறப்பகுப்பு முறையால் கொழுப்பமிலங்களைப் பிரித்துக் காட்டியபின் நிலைமை தலைகீழானது. நீண்ட குழாயில் வாயுவோடு ஓடும்போது குட்டைச் சங்கிலி முந்தும், நீளச் சங்கிலி பிந்தும். எது எவ்வளவு வெளியே வந்தது என்று கருவி வரைந்து கொடுத்துவிடும். இன்று அரைக் கொட்டை போதும். ஆனாலும் ஹில்டிச் தந்த எண்களில் பல இன்றைய கருவிகள் தரும் எண்களோடு வியக்கத்தக்க அளவு ஒத்துப்போகின்றன.

ஏன் இப்படிக் குடும்பம் குடும்பமாக வேறுபடுகிறது? தாவரக் கலத்தில் கொழுப்பமிலச் சங்கிலி இரண்டு இரண்டு காபனாக வளர்கிறது. வளர்ந்துகொண்டிருக்கும் சங்கிலியை அறுத்து விடுவிக்கும் நொதியத்துக்குத் தயோஎஸ்டரேஸ் என்று பெயர். பெரும்பாலான தாவரங்களில் அது 16 அல்லது 18 காபன் வரை காத்திருக்கும். சில குடும்பங்களில் அவசரப்பட்டு 14இலோ 12இலோ அறுத்துவிடுகிறது. விதையைத் தந்த மரபில் அந்த நொதியத்தின் மரபணு எப்படி மாறியதோ அப்படியே கொழுப்பும் மாறும். சாதிக்காயில் விஷயம் இன்னும் சிக்கலானது. அதன் நொதியம் 14 முதல் 18 வரை பல நீளத்திலும் அறுக்கவல்லது என்று 1997இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே மிரிஸ்டிக் அமிலம் இவ்வளவு குவிவதற்கு அந்த நொதியம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. விதையின் மற்ற நொதியங்கள் எவ்வளவு வேகமாக வேலை செய்கின்றன என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

12 காபனில் நிறுத்தும் குடும்பத்துக்குச் சிறந்த உதாரணம் கறுவாவின் குடும்பம். லோரேசி எனப்படும் இக்குடும்பத்தின் விதைகளில் லோரிக் அமிலம் கோலோச்சுகிறது. இந்தியாவில் பிசா எனப்படும் அக்டினோடாப்னி மரத்தின் விதைக் கொழுப்பில் அது 96 சதவீதம் வரை போகிறது. கற்பூர மரம் இன்னும் ஒரு படி முன்னாலேயே நிறுத்துகிறது. அதன் விதையில் 10 காபன் கொண்ட காப்ரிக் அமிலம் பாதிக்கு மேல், எஞ்சியதில் பெரும்பங்கு லோரிக். கறுவாப் பட்டையை மட்டுமே அறிந்த நமக்கு அதன் பழமும் பயன்பட்டது என்பது புதுமையாக இருக்கலாம். பழத்தை அவித்தெடுத்த கொழுப்பில் மெழுகுதிரி வார்த்துக் கண்டி அரசவையில் ஏற்றியதாக அக்கால ஐரோப்பியர் எழுதியிருக்கிறார்கள். லோரிக் கொழுப்பு அறை வெப்பத்தில் திண்மமாக நிற்கும், 46 பாகையை ஒட்டி உருகும் என்பதை நோக்க, அந்தச் செய்தியை நம்ப வேதியியலில் தடையில்லை.

இக்குடும்பத்து மரம் ஒன்றே பின்னாளில் பெரிய தொழில்நுட்பத்துக்கும் வழிவிட்டது. கலிபோர்னியாவில் வளரும் லோரல் மரத்தின் விதையிலிருந்து 12 காபனில் அறுக்கும் நொதியத்தை எடுத்து, அதன் மரபணுவைக் கடுகின் இனமான கனோலாவில் புகுத்தியது கல்ஜீன் நிறுவனம். சாதாரணமாக லோரிக் அமிலமே இல்லாத கனோலா விதையில் அது 40 சதவீதத்தை ஒட்டி உயர்ந்தது. 1990களின் நடுவில் அந்தப் பயிர் அமெரிக்காவில் விற்பனைக்கும் வந்தது.

இதே லோரல் குடும்பத்து அவகாடோவின் எண்ணெயில் லோரிக் அமிலத்தைத் தேடினால் கிடைக்காது. பாதிக்கு மேல் ஓலெயிக், அடுத்து பால்மிட்டிக், லினோலெயிக். உறவு பொய்த்துவிட்டதா என்றால் இல்லை. அவகாடோவில் எண்ணெய் இருப்பது சதையில், விதையில் அல்ல. பழச் சதையின் எண்ணெய் எந்தக் குடும்பமானாலும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும் என்பதையும் ஹில்டிச் கவனித்தார். குடும்ப அடையாளம் விதைக்குள்தான். ஒரே பழத்தில் இரண்டையும் பார்க்க விரும்பினால் எண்ணெய்ப்பனை போதும். சதை எண்ணெயில் பால்மிட்டிக்கும் ஓலெயிக்கும், விதைப் பருப்பின் எண்ணெயில் பாதியளவு லோரிக்கும் இருக்கின்றன. உக்குவளைத் தோட்டத்துத் தென்னையும் பனைக் குடும்பம்தான். தேங்காய் எண்ணெயிலும் லோரிக் பாதியை ஒட்டியும், மிரிஸ்டிக் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டியும் காணப்படுகின்றன.

தென்னையும் கறுவாவும் உறவு அல்ல. இரண்டும் தனித்தனியே 12 காபனில் நிறுத்தப் பழகியவை. ஆகவே ஒரே கொழுப்பு என்பதால் உறவு என்று முடிவு கட்டுவது தவறு. உறவு என்பதால் ஒரே கொழுப்பு என்பதும் எப்போதும் சரிவராது. அன்னமுன்னா சாதிக்காயோடு ஒரே வரிசையைச் சேர்ந்தது, தாவரவியலில் நெருக்கமான பங்காளி. அதன் விதையிலோ ஓலெயிக், லினோலெயிக், பால்மிட்டிக் என்ற வழக்கமான கூட்டணிதான்.

இனி மண எண்ணெய். அதில் சபினீன், பைனீன் போன்ற டெர்பீன்களும், சாதிக்காய்க்கு அதன் தனி முகத்தைத் தரும் மிரிஸ்டிசினும், சிறிதளவு சஃப்ரோலும் உண்டு. இந்தோனேசியாவின் பண்டா தீவுகளே சாதிக்காயின் பிறப்பிடம். 19ஆம் நூற்றாண்டில் கரீபியன் தீவான கிரெனடாவுக்கு அதே இனம் கொண்டுபோகப்பட்டது. இரண்டு இடத்துக் கொழுப்பிலும் மிரிஸ்டிக் அமிலம்தான் ஆட்சி. மண எண்ணெயோ பிரிந்துவிட்டது. கிழக்கிந்திய எண்ணெயில் மிரிஸ்டிசின் 13 சதவீதம் வரை போகலாம். மேற்கிந்திய எண்ணெயில் ஒரு சதவீதத்தைக்கூடத் தொடுவதில்லை, சபினீன் மட்டும் பாதியை ஒட்டி ஏறி நிற்கிறது. ஒரே இனத்துக்குள்ளேயே இவ்வளவு இடைவெளி. கொட்டை முற்றியதா, எப்படிக் காயவைத்தது, எவ்வளவு நேரம் நீராவியில் வடித்தது என்பவையும் சேர்ந்து இந்தக் கணக்கை ஆட்டிவைக்கின்றன. காட்டு உறவுகளை மணத்தை வைத்து வகைப்படுத்த முயன்றவர்கள் தடுமாறியதில் வியப்பில்லை.

இரண்டு எண்ணெய்களும் வேறு வேறு என்பதைப் பூச்சிகளும் அறியும். பூச்சி அரித்த சாதிக்காய் சமையலுக்கு ஆகாது, ஆனால் வடிசாலைக்காரர் அதை விரும்பி வாங்குவதுண்டு. புழு மாப்பொருளையும் கொழுப்பையும் தின்று மண எண்ணெயைத் தொடாமல் விட்டுவிடுகிறது. எடைக்கு எடை பார்த்தால் அரித்த கொட்டையில் மணம் கூடுதல்.

மாத்தளையின் பழைய பயிரான கொக்கோவில் இந்த ஒப்பீடு சட்டப் பிரச்சினையாகவே மாறியது. கொக்கோ வெண்ணெயில் பால்மிட்டிக் கால் பங்கு, ஸ்டியரிக்கும் ஓலெயிக்கும் மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேலாக ஒவ்வொன்றும். அவை கிளிசரோலில் அடுக்கப்பட்ட விதத்தால்தான் சொக்கலேட் கையில் உறுதியாக நின்று வாயில் கரைகிறது. அதன் நெருங்கிய சொந்தமான அமேசனின் குபுவாசுவில் பால்மிட்டிக் குறைந்து, 20 காபன் கொண்ட அரகிடிக் அமிலம் பத்தில் ஒரு பங்கு புகுந்துவிடுகிறது. அதனால் அந்த வெண்ணெய் சற்று மென்மை. சொக்கலேட்டில் 5 சதவீதம் வரை வேறு தாவரக் கொழுப்பைச் சேர்க்கலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2000ஆம் ஆண்டு விதித்தபோது ஆறு கொழுப்புகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டது. போர்னியோவின் இல்லிப்பே, பாம் எண்ணெய், சால், ஷியா, கோகம், மாங்கொட்டைப் பருப்பு. ஒன்றுகூடக் கொக்கோவின் குடும்பம் இல்லை. குபுவாசு அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. உக்குவளை வளவில் கொக்கோவுக்கு நிழல் கொடுக்கும் மாமரத்தின் கொட்டை இடம்பெற்றிருக்கிறது.