ஒரு செமிடோன் அதிர்ஷ்டம்: ஜார்ஜ் மார்ட்டினின் நினைவுகள்

தயாரிப்பாளர் என்றாலே நமக்குப் பணம் போடுகிறவர்தான். சினிமா பழக்கம். ஆனால் மேற்கத்திய இசைத்தட்டு உலகில் 'ப்ரொட்யூசர்' என்பவர் கிட்டத்தட்ட நம்மூர் டைரக்டர் மாதிரி. எந்த டேக் சரி, எங்கே வயலின் வேண்டும், எதை வெட்டலாம் என்று முடிவு செய்வது அவர்தான். பணம் கம்பெனியுடையது.

பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் 1979-ல் தன் நினைவுகளைப் புத்தகமாக எழுதினார். பொதுவாக இந்த வகைப் புத்தகங்களை நான் பாதி சந்தேகத்தோடுதான் படிப்பேன். வருஷம் ஆக ஆக கதை வளரும், சொல்கிறவரும் வளருவார். ஆனால் மார்ட்டின் சொல்லும் ஒரு சம்பவத்தை நாமே கணக்கு போட்டுச் சரிபார்க்க முடியும். அதனால்தான் இந்தக் குறிப்பு.

1966 டிசம்பர். 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' பாடலுக்கு இரண்டு வடிவங்கள் கையில் இருந்தன. ஒன்று (டேக் 7) மெதுவானது, மென்மையானது. இன்னொன்று (டேக் 26) வேகமானது. டிரம்பெட், செல்லோ எல்லாம் சேர்ந்து மார்ட்டின் எழுதிய கனமான வாத்தியக் கோர்ப்பு. ஜான் லெனனுக்கு முதலாவதின் தொடக்கமும் பிடித்திருந்தது, இரண்டாவதின் முடிவும் பிடித்திருந்தது. ரெண்டையும் ஒட்டிடுங்களேன் என்றார். வேகமும் வேறு, சுருதியும் வேறு என்று மார்ட்டின் சொல்லிப் பார்த்தார். அதை நீங்க பார்த்துக்குவீங்க என்கிற தொனியில் லெனன் போய்விட்டார். (நம்ம ஐ.டி. ஆட்களுக்கு இந்த வகை கிளையண்ட் பரிச்சயம்.)

இங்கேதான் டேப்பின் இயல்பைப் புரிந்துகொள்ள வேண்டும். இன்றைய மென்பொருளில் வேகத்தையும் சுருதியையும் தனித்தனியாக மாற்றலாம். காந்த நாடாவில் அது முடியாது. இரண்டும் ஒரே கயிற்றில் கட்டியவை. வேகமாக ஓட்டினால் சுருதி ஏறும், மெதுவாக ஓட்டினால் இறங்கும். ஒரு செமிடோன், அதாவது ஹார்மோனியத்தில் ஒரு கட்டை ஏற, வேகத்தைச் சுமார் 6% கூட்ட வேண்டும். 60 வினாடிப் பாட்டு 56.6 வினாடியில் முடிந்துவிடும்.

மார்ட்டினின் அதிர்ஷ்டம் இதுதான்: மெதுவான டேக்கின் சுருதிதான் கீழே இருந்தது, ஏறக்குறைய ஒரு செமிடோன். அதனால் வேகமானதைக் கொஞ்சம் மெதுவாக்கி, மெதுவானதைக் கொஞ்சம் முடுக்கினால் இரண்டு வித்தியாசமும் ஒரே அடியில் குறையும். மாறாக, மெதுவானது மேல் சுருதியில் இருந்திருந்தால்? அதை முடுக்க முடுக்க சுருதி இன்னும் ஏறி விலகிப் போயிருக்கும். வேலையே நடந்திருக்காது. டிசம்பர் 22 அன்று மார்ட்டினும் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக்கும் வேகத்தைச் சரிசெய்து, நாடாவை வெட்டி ஒட்டினார்கள்.

இந்த வித்தை அவருக்குப் புதிதல்ல. 1965-ல் 'இன் மை லைஃப்' பாடலுக்கு நடுவில் ஒரு பியானோ துணுக்கு வேண்டியிருந்தது. அந்த வேகத்தில் தன்னால் வாசிக்க முடியாது என்று, டேப்பைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, ஒரு ஸ்தாயி கீழே வாசித்துப் பதிந்தார். முழு வேகத்தில் ஓட்டியதும் அது ஹார்ப்சிகார்ட் போல ஒலித்தது. இன்னும் பலர் அது ஹார்ப்சிகார்ட் என்றே நினைக்கிறார்கள்.

இத்தனைக்கும் அவருக்கு என்ன கிடைத்தது? 1963-ல் அவர் தயாரித்த தட்டுகள் 37 வாரம் பிரிட்டனில் முதலிடத்தில் இருந்தன. அவருக்கு ராயல்டி கிடையாது, மாதச் சம்பளம்தான். ஆண்டுக்கு 3,000 பவுண்ட் வாங்குகிறார் என்ற காரணத்தால் கிறிஸ்துமஸ் போனஸ்கூட இல்லையாம். புத்தகத்தில் அந்தக் கசப்பு நன்றாகவே தெரிகிறது. 1965-ல் ஈ.எம்.ஐ.யை விட்டு விலகி, சக தயாரிப்பாளர்களோடு ஏ.ஐ.ஆர். என்ற சொந்த நிறுவனம் தொடங்கினார். ஈ.எம்.ஐ. அதன் பிறகு அவரை வெளியாளாக அழைத்துப் பணம் கொடுக்க வேண்டியிருந்தது. ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸை அவர் வெட்டி ஒட்டியது அப்படி வந்தபோதுதான்.

சரி, சரிபார்க்கும் முறை. ஹெட்போன் போட்டு, பாட்டு ஒரு நிமிடத்தைத் தொடும் இடத்தைக் கவனியுங்கள். செல்லோக்கள் நுழைகிற அதே இடத்தில் லெனனின் குரலும் மாறும். கொஞ்சம் தடித்து, தூக்கக் கலக்கத்தில் இழுப்பது போல ஆகிவிடும். மெதுவாக்கப்பட்ட டேப் அது. முப்பது தடவை கேட்ட பாட்டில் எனக்கு இது காதில் விழவே இல்லை, புத்தகத்தைப் படிக்கும் வரை. இப்போது அது மட்டும்தான் கேட்கிறது.