வீட்டுப் பட்டறைக்குக் காற்றழுத்தி: வாங்குவதா, செய்வதா?

வீட்டின் பின்கட்டிலோ மாடிப்படியின் அடியிலோ சிறு பட்டறை அமைத்து மரவேலை, வண்ணம் தெளித்தல், இருசக்கர வாகனப் பழுதுநீக்கம் ஆகியவற்றைச் செய்வோர் நம் வாடிக்கையாளர்களில் உண்டு. சிலருக்கு அது ஓய்வுநேர விருப்பம். சிலருக்கு அதுவே பிழைப்பு. துளையிடும் இயந்திரமும் அறுக்கும் இயந்திரமும் சேர்ந்தபின் அவர்கள் அடுத்து நாடுவது பெரும்பாலும் காற்றழுத்தியை. கடையில் 'கம்ப்ரஸர்' என்று கேட்டு வாங்கும் அதே கருவிதான். பழைய பொருள்களைக் கொண்டு அதை வீட்டிலேயே செய்துவிடலாம் என்ற எண்ணமும் பலருக்கு எழுகிறது.

கடைக்காரர் முதலில் சொல்வது மோட்டாரின் குதிரைத்திறனையும் தொட்டியின் கொள்ளளவையும். நாம் கேட்க வேண்டியதோ, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று வெளிவரும் என்பது. சில விவரக்குறிப்புகளில் இந்த அளவு 'சி.எஃப்.எம்.' என்று கன அடியில் இருக்கும். ஒரு கன அடி ஏறத்தாழ 28 லிட்டர். இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பிஸ்டன் உள்ளிழுக்கும் அளவு வேறு, உண்மையில் வெளியே கிடைக்கும் அளவு வேறு. சிறிய இயந்திரங்களில் பின்னது முன்னதில் மூன்றில் இரண்டு பங்கு அளவே தேறும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது முன்னது. ஒரு குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்குச் சுமார் 100 லிட்டர் காற்று கிடைக்கும் என்று கணக்கிட்டுக்கொண்டால் பெரிய ஏமாற்றம் நேராது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு குதிரைத்திறன் மோட்டார், 50 லிட்டர் தொட்டி, 8 பார் அழுத்தம். அலமாரிக் கதவுக்கு வண்ணம் தெளிக்கும் துப்பாக்கி நிமிடத்துக்கு 200 லிட்டர் காற்றைக் கேட்கிறது. அழுத்தம் 6 பாருக்கு இறங்கினால்தான் மோட்டார் மீண்டும் ஓடத் தொடங்கும். அதுவரை கிடைப்பது 100 லிட்டர், அதாவது அரை நிமிட வேலை. பிறகு மோட்டார் 100 லிட்டர் தர, துப்பாக்கி 200 லிட்டர் எடுக்க, மேலும் ஒன்றரை நிமிடத்தில் அழுத்தம் 3 பாருக்கு வந்துவிடும். அதன்பின் தெளிப்பு சீராக விழாது. ஆக இரண்டு நிமிட வேலை, தொட்டி நிரம்ப இரண்டரை நிமிடக் காத்திருப்பு. தொட்டியை மட்டும் பெரிதாக்கினால் வேலை நேரம் நீளும். காத்திருக்கும் நேரமும் அதே அளவில் நீளும். சக்கரத்துக்குக் காற்றடிக்கவும், சிறு ஆணி அறையவும், தூசி ஊதவும் இந்த ஒரு குதிரைத்திறனே போதும். மரச்சாமான்களுக்கு வண்ணம் தெளிப்பதே தொழில் என்றால் இரண்டுக்குக் குறையாமல் வாங்குவது நல்லது. காற்றில் இயங்கும் தேய்ப்புக் கருவிகள் துப்பாக்கியைக் காட்டிலும் அதிகம் விழுங்கும். அவற்றுக்கு மின்சாரத்தில் ஓடுபவையே மலிவு.

இனி, செய்வதைப் பற்றி. பழைய குளிர்பதனப் பெட்டியின் கம்ப்ரஸரையும் காலி எரிவாயு உருளையையும் இணைத்துச் செய்வதே பரவலாக முயலப்படும் வழி. அந்தக் கம்ப்ரஸர் ஓசையின்றி ஓடும் என்பது உண்மை. ஆனால் அது தரும் காற்று மிகக் குறைவு. குளிர்பதனச் சுற்றில் வாயுவோடு சென்று திரும்பி வரும் எண்ணெய், இங்கே காற்றோடு வெளியேறிவிடும். கவனிக்காவிட்டால் இயந்திரம் இறுகிப்போகும். வெளியேறும் எண்ணெய் வண்ணப்பூச்சில் கலந்தால் மேற்பரப்பில் குழிக்குழியாகப் புள்ளிகள் விழும். இன்றைய பெட்டிகள் பலவற்றில் உள்ள குளிரூட்டி வாயு எரியக்கூடியது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இவையெல்லாம் பணநட்டம். உருளையோ உயிர்ச் சேதம் விளைவிக்கக்கூடியது. அது 8 பாருக்கும் மேலான அழுத்தத்துக்குச் செய்யப்பட்டதுதானே என்று கேட்பார்கள். ஆம், புதிதாகத் துளையும் பற்றவைப்பும் இல்லாதபோது. மிஞ்சிய வாயு உள்ளே இருக்கையில் பற்றவைக்கும் பொறி படுவது முதல் ஆபத்து. காற்றோடு சேரும் நீர் வெளியேற அடியில் வழி இல்லாமல், கண்ணுக்குத் தெரியாது உட்புறம் துருப்பிடிப்பது இரண்டாவது. மேலும், வைப்புத்தொகை கட்டிப் பெற்ற உருளை எண்ணெய் நிறுவனத்தின் உடைமை. அதை வெட்டும் உரிமை நமக்கு இல்லை. 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள தொட்டியில் 8 பார் அழுத்தம் இருந்தால், அதன் ஒரு மூடியை மட்டும் ஐந்தரை டன்னுக்கும் மேலான விசை உள்ளிருந்து தள்ளுகிறது. எஞ்சிய பாகங்களை எங்கு வாங்கினாலும், தொட்டி மட்டும் அதற்கென்றே செய்து, நீரழுத்தச் சோதனை முடித்து, அனுமதிக்கப்பட்ட அழுத்தம் தகட்டில் பொறிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். பாதுகாப்பு வால்வு, அழுத்தமானி, தானியங்கி அழுத்த ஸ்விட்ச் ஆகிய மூன்றும் இல்லாத இயந்திரம், எவ்வளவு மலிவானாலும், வாங்கத் தகாதது. சுவரோரம் காற்றைக் கொண்டுசெல்ல வீட்டுக் குடிநீருக்கான பி.வி.சி. குழாயைப் பதிப்பதும் வேண்டாம். அது உடைந்தால் சில்லுகளாகச் சிதறும்.

கோயம்புத்தூர் இக்கருவிக்குப் பெயர்பெற்ற ஊர். எல்ஜி நிறுவனம் அங்கே 1960இல் தொடங்கியது. தமிழகத்தில் இருப்போருக்கு உதிரிப்பாகமும் பழுதுநீக்குவோரும் எளிதில் கிடைப்பதை ஒரு சேமிப்பாகவே கருதலாம். வெளிமாநிலத்தில் வசிப்போர், தம் ஊரில் பழுதுபார்க்கும் நிலையம் எந்தத் தயாரிப்புக்கு உள்ளது என்று விசாரித்தபின் தேர்வு செய்யட்டும்.

விருப்பத்துக்காக வாங்குவோர் கடனட்டையின் நிலுவையில் இதைச் சேர்க்காமல், சில மாதத் தொடர் வைப்பில் சேமித்து வாங்குவதையே நாங்கள் பரிந்துரைப்போம். தொழிலுக்கென்றால் நிலை வேறு. முத்ரா திட்டத்தின் 'சிசு' பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையின்றிக் கடன் பெறலாம். தச்சர் போன்ற 18 கைத்தொழிலாளர் பிரிவினருக்கான பி.எம். விஸ்வகர்மா திட்டத்தில் 5 சதவீத வட்டியில் முதல் தவணையாக 1 லட்சம் ரூபாய் வரையும், கருவிகளுக்காக 15,000 ரூபாய் வரை உதவித்தொகையும் உண்டு. எதுவாயினும் கடைக்காரரின் விலைப்புள்ளி தேவைப்படும். அதில் காற்று வெளியீட்டின் அளவையும் எழுதித் தரச் சொல்லுங்கள். பின்னால் எழக்கூடிய வழக்கு பாதி குறையும். ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர்கள், தொழிலுக்காக வாங்கியதற்கான ரசீதைப் பத்திரப்படுத்தினால் உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ள முடியும்.

மின் இணைப்பையும் முன்கூட்டியே பாருங்கள். இரண்டு குதிரைத்திறன் மோட்டார் தொடங்கும் கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். 16 ஆம்பியர் இணைப்பும் நல்ல புவியிணைப்பும் வேண்டும். ஓடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒன்றரை முதல் இரண்டு யூனிட் செலவாகும். வீட்டு இணைப்பில் தொழில் நடத்தலாமா என்பதை உள்ளூர் மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது பின்னர் அபராதத்தைத் தவிர்க்கும்.

வாங்கியபின் அன்றாடம் செய்ய வேண்டியது ஒன்றுதான். வேலை முடிந்ததும் அடித்திருகைத் திறந்து தொட்டியில் தேங்கிய நீரை வடித்துவிடுங்கள். கடலோர ஊர்களிலும் மழைக்காலத்திலும் அது வியக்கத்தக்க அளவு சேரும். நீர் செந்நிறமாக வந்தால் உட்புறம் துரு ஏறத் தொடங்கிவிட்டது. தொட்டியைச் சோதிக்கும் வரை இயந்திரத்தை ஓட்டக் கூடாது.