பலகை இடுக்கில் விழும் தணல்

ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகருக்கு வெளியே, ஒரு மலைச்சரிவில் உங்கள் வீடு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பின்கதவைத் திறந்தால், தரையிலிருந்து சற்று உயரத்தில் பலகைகளால் அமைத்த ஒரு தளம். அதை 'டெக்' என்பார்கள். நம் பாட்டன்மார் தோட்ட வீடுகளின் அஞ்சடியில் அமர்ந்து கதை பேசியதுபோல, அங்குள்ளவர்கள் மாலைப்பொழுதை டெக்கில் கழிக்கிறார்கள். எதிரே யூகலிப்டஸ் காடு. கண்ணுக்கு இனிய காட்சிதான். ஆனால், கோடையில் அந்தக் காடு பற்றிக்கொண்டால், தீ வீட்டுக்குள் நுழையும் வழியாக அந்த டெக்கே மாறிவிடலாம்.

2009 பிப்ரவரி 7. விக்டோரியா மாநிலத்தில் 'கறுப்புச் சனிக்கிழமை' என்று இன்றும் நினைவுகூரப்படும் நாள். அன்று மூண்ட காட்டுத்தீயில் 173 பேர் உயிரிழந்தனர். 2,000க்கும் அதிகமான வீடுகள் அழிந்தன.

முன்னால் வரும் பகைவன்

காட்டுத்தீ மூன்று வழிகளில் வீட்டைத் தாக்குகிறது: தீச்சுவாலை நேரே தொடுவது, வெப்பக் கதிர்வீச்சு, காற்றில் பறந்துவரும் தணல்கள். இவற்றில் எது அதிக வீடுகளை அழிக்கிறது? சுவாலை என்றுதான் பலரும் சொல்வோம். ஆனால், எரிந்த வீடுகளை ஆராய்ந்தவர்கள் கண்ட விடை, தணல்.

தீயின் முகப்பு ஓர் இடத்தைச் சில நிமிடங்களில் கடந்துவிடும். தணல்களோ அதற்கு முன்பே வரத் தொடங்கி, அது போன பிறகும் மணிக்கணக்கில் விழுந்துகொண்டிருக்கும். சில யூகலிப்டஸ் மரங்களின் பட்டை நீளமான நாடாக்களாக உரியும். எரியும் நாடாக்களைக் காற்று பல கிலோமீட்டர் தூரம் சுமந்து செல்லும்.

இப்போது டெக்கைப் பாருங்கள். பலகைகளுக்கு இடையே இடுக்குகள். இடுக்குகளில் காய்ந்த இலைகள். தணல் உருண்டுவந்து அங்கே ஒதுங்குகிறது. இலை பற்றுகிறது, அது பலகையைப் பற்றவைக்கிறது. அருகில் இருப்பது கண்ணாடிக் கதவு. வெப்பத்தில் கண்ணாடி உடைந்தால், அடுத்து தணல் விழுவது வரவேற்பறைக்குள்!

எண்ணில் அடங்கிய ஆபத்து

இதனால்தான் காட்டுத்தீ அபாயப் பகுதிகளில் வீடு கட்டுவதற்கென்றே ஆஸ்திரேலியாவில் 'ஏஎஸ் 3959' என்ற தர விதி இருக்கிறது. வீட்டைச் சுற்றி 100 மீட்டருக்குள் என்ன தாவரங்கள் உள்ளன, எவ்வளவு தொலைவில் உள்ளன, நிலம் எவ்வளவு சரிவானது என்பதையெல்லாம் கணக்கிட்டு வீட்டுமனைக்கு ஓர் அபாய நிலை தரப்படும். மிகக் குறைந்த நிலைக்கு மேல் 12.5, 19, 29, 40 என நிலைகள் ஏறும். எல்லாவற்றுக்கும் மேலே, சுவாலையே வீட்டைத் தொடக்கூடிய 'தீ வளையம்'.

இந்த எண்கள் சதுர மீட்டருக்கு எத்தனை கிலோவாட் வெப்பம் வந்து தாக்கும் என்பதைக் காட்டுகின்றன. உச்சி வெயில் நமக்குத் தருவது சுமார் 1 கிலோவாட். அப்படியென்றால் 29 என்பது ஏறக்குறைய 29 சூரியன்கள் ஒன்றாகக் காய்வதற்குச் சமம்!

சரிவை ஏன் பார்க்க வேண்டும்? மேல்நோக்கி ஏறும் தீ, தனக்கு மேலே உள்ள செடிகளை முன்கூட்டியே சூடாக்கிக் காய வைக்கிறது. சரிவு 10 பாகை கூடினால் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். பள்ளத்தாக்கின் அழகைப் பார்க்கவே பலரும் சரிவை நோக்கி டெக் கட்டுகிறார்கள். தீ ஏறிவரும் பாதையும் அதுவே.

நம் மெர்பாவ்

எல்லா மரமும் ஒரேபோல் எரிவதில்லை. லேசான பைன் மரம் விரைவில் பற்றும். அடர்த்தியான மரம் சூடேற நேரமாகும். எரியும்போது அதன் மேல் உருவாகும் கரிப் படலம், உள்ளே வெப்பம் போவதையும் மட்டுப்படுத்துகிறது. தீயைத் தாங்கும் இயல்புடையவை என்று ஏழு மரங்களை அந்த விதி பட்டியலிடுகிறது. அவற்றுள் ஒன்று மெர்பாவ். 2019இல் மலேசியாவின் தேசிய மரமாக அறிவிக்கப்பட்டதே, அதே மரம்தான்!

ஆனால், மெர்பாவும் எரியாத மரம் அன்று. எளிதில் எரியாத மரம், அவ்வளவே. 29 வரையிலான நிலைகளில் இத்தகைய மரங்கள் உதவும். அதற்கு மேல், எரியாத பொருள்களையோ கடுமையான தீச்சோதனையில் தேறியவற்றையோதான் நாட வேண்டும்.

கட்டிய பிறகும் வேலை முடிவதில்லை. டெக்கின் அடியில் விறகு அடுக்கக் கூடாது. இடுக்கில் சேரும் இலைகளைக் கூட்ட வேண்டும். தீ அபாய நாள்களில் கால்மிதி, மெத்தை, பிரம்பு நாற்காலி எல்லாவற்றையும் அகற்ற வேண்டும். விலை உயர்ந்த பலகை போட்டவரைவிட, தவறாமல் துடைப்பம் எடுத்தவரின் வீடு தப்பிக்கலாம்.

செய்து பாருங்கள்

தீ வேண்டாம், மின்விசிறி போதும். இரண்டு அட்டைப்பெட்டிகளை 'ட' வடிவில், உள்மூலை மின்விசிறியைப் பார்க்கும்படி தரையில் வையுங்கள். சிறு காகிதத் துண்டுகளைக் காற்றில் தூவுங்கள். அவை எங்கே போய்ச் சேர்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் துண்டுகள் தணல்களாக இருந்தால், உங்கள் டெக்கில் முதலில் எந்த இடத்தைப் பாதுகாப்பீர்கள்?