ஸ்வார்ட்ஸ் ஐயரும் புறத்தார் சாட்சியமும்

தஞ்சாவூருக்குச் செல்கிறவர்கள் பிரகதீசுவரரைத் தரிசிக்கிறார்கள். நந்தியின் பருமனைக் கண்டு வியக்கிறார்கள். அரண்மனையையும் சரஸ்வதி மஹாலையும் சுற்றிப் பார்த்துவிட்டு ரயிலேறி விடுகிறார்கள். பெரிய கோவிலுக்குப் பக்கத்திலேயே, சிவகங்கைக் குளத்தருகில், ஒரு பழைய கிறிஸ்தவ ஆலயம் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. அதனுள் ஒரு சலவைக்கல் சிற்பம் இருக்கிறது. மரணப் படுக்கையில் ஒரு வயோதிகர். அவருடைய கையைப் பற்றிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறார் ஓர் இந்து அரசகுமாரர். படுத்திருப்பவர் கிறிஸ்டியன் பிரெடரிக் ஸ்வார்ட்ஸ் என்ற ஜெர்மானியப் பாதிரியார். நிற்பவர் சரபோஜி மன்னர். இலண்டனில் பெயர் பெற்ற சிற்பி ஜான் பிளாக்ஸ்மனைக் கொண்டு இதைச் செய்வித்தவரும் அந்தச் சரபோஜியேதான்.

கிறிஸ்தவ குருவானவர் எப்படி இருக்கவேண்டும் என்பதைப் பவுல் அப்போஸ்தலர் தீமோத்தேயுவுக்கு எழுதிய நிருபத்தில் விவரமாகக் கூறியிருக்கிறார். குற்றம் சாட்டப்படாதவராக, நிதானமுள்ளவராக, விருந்தோம்புகிறவராக, பணத்தின்மேல் ஆசையில்லாதவராக இருக்கவேண்டுமாம். இவையெல்லாம் எந்த மதத்தினரும் தங்கள் குருமாரிடம் எதிர்பார்க்கும் குணங்களே. ஆனால் அந்தப் பட்டியலில் கடைசியாக வரும் நிபந்தனை சற்று விசித்திரமானது. சபைக்கு வெளியே உள்ளவர்களும் அவரைப்பற்றி நல்லபடி சொல்லவேண்டும் என்கிறார் பவுல். ஸ்வார்ட்ஸின் சரித்திரத்தைப் புரட்டினால், அவருக்குச் சாட்சி சொல்ல வருகிறவர்கள் பெரும்பாலும் இந்துக்களும் முஸ்லிம்களுமாகவே இருக்கிறார்கள்.

1726-ஆம் ஆண்டில் பிரஷ்ய தேசத்தில் பிறந்தவர் அவர். ஹாலே சர்வகலாசாலையில் படிக்கும்போதே தமிழ் கற்கத் தொடங்கி, 1750-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். நான்கே மாதத்தில் தமிழில் பிரசங்கம் செய்தாராம்! பிறகு திருச்சிராப்பள்ளி, அதன்பின் தஞ்சாவூர். விவாகம் செய்துகொள்ளவில்லை. தாய்நாட்டுக்குத் திரும்பவுமில்லை. நாற்பத்தெட்டு வருஷம் இங்கேயே வாழ்ந்து, 1798 பிப்ரவரி 13-இல் தஞ்சையில் காலமானார். நம் நாட்டுக் கிறிஸ்தவர்கள் அக்காலத்துப் பாதிரிமார்களை 'ஐயர்' என்றே அழைப்பார்கள். ஆகையால் அவர் ஸ்வார்ட்ஸ் ஐயரானார்.

1779-இல் கும்பினியாரின் சென்னைக் கவர்னர் ரம்போல்டு, ஹைதர் அலியிடம் சமாதானத் தூது போகும்படி அவரைக் கேட்டுக்கொண்டார். வெள்ளைக்காரர் வாக்கில் ஹைதருக்கு எள்ளளவும் நம்பிக்கை கிடையாது. ஆனால் இந்தப் பாதிரியாரை அனுப்பினால் நம்பலாம் என்று அவர் சொன்னதாகக் கூறுவார்கள். ஐயர் ஸ்ரீரங்கப்பட்டணம் சென்றார். ஹைதர் மரியாதையுடன் வரவேற்றுப் பேசி, திரும்பும்போது வழிச்செலவுக்கென்று முந்நூறு ரூபாய் கொடுத்தனுப்பினார். வழிச்செலவைத்தான் கும்பினியார் ஏற்றுக்கொண்டு விட்டார்களே! ஆகவே அந்தப் பணத்தைச் சென்னைச் சர்க்காரிடம் ஒப்படைக்கப் போனார். அவர்கள் வாங்க மறுக்கவே, தஞ்சையில் அநாதைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் வைக்க அதையே முதலாக்கினார்.

தூது பலிக்கவில்லை. மறுவருஷமே ஹைதரின் சேனை கர்நாடகத்தில் புகுந்தது. சமாதானம் பேசுவதற்கென்று ஒரு சாதுவை அனுப்பிவிட்டு, கும்பினியார் தங்கள் போக்கை மாற்றிக் கொள்ளாமலே இருந்தார்கள். அவர்களுடைய காரியத்துக்கு இவர் ஏன் போகவேண்டும் என்று நமக்குத் தோன்றாமற் போகாது. இரத்தம் சிந்தாமல் தடுக்கலாம் என்று நம்பிப் போனார் என்பதே அவருக்காகச் சொல்லக்கூடிய சமாதானம். ஹைதரோ, யுத்தம் நடக்கும்போதும் இந்தப் பாதிரியாருக்கு மட்டும் இடையூறு செய்யக்கூடாதென்று தம் சேனாதிபதிகளுக்கு உத்தரவிட்டிருந்தார்.

அந்த யுத்தத்தில் தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம் வந்தது. தெருக்களில் பிணங்கள் கிடந்தன. வெளியே கிராமங்களில் நெல் இருந்தது. கொண்டுவர மாடுகள் இல்லை. குடியானவர்களிடம் மாடுகள் உண்டு. ஆனால் அரண்மனையாரும் கும்பினியாரும் வாடகை தருவார்கள் என்று நம்ப யாரும் தயாராயில்லை. முன்னே பலதடவை ஏமாந்தவர்கள் அவர்கள். கடைசியில் ஸ்வார்ட்ஸ் ஐயர் தாமே பொறுப்பேற்று எழுதினார்: மாடு சத்துருவின் கையில் சிக்கினாலும் கிரயத்தைத் தாம் கொடுப்பதாக. ஓரிரண்டு நாளில் ஆயிரம் மாடுகளுக்குமேல் வந்து சேர்ந்தன. அவருடைய உபதேசியாரும் மற்றுஞ் சில கிறிஸ்தவர்களும் உயிரைப் பொருட்படுத்தாமல் நாட்டுப்புறம் சென்று, எண்பதினாயிரம் கலம் நெல் கொண்டுவந்து சேர்த்தார்கள். எல்லோருக்கும் பணம் பட்டுவாடா ஆயிற்று. ஐயரின் பெயரைச் சரித்திரம் குறித்து வைத்திருக்கிறது. சத்துருவின் படை நடமாடிய வயல்வெளிகளில் மாடு ஓட்டிச் சென்ற அந்த விசுவாசிகளின் பெயர்களை யார் குறித்தார்கள்?

இன்னொரு சமயம், அதிகாரிகளின் கொடுமை தாங்காமல் குடியானவர்கள் தஞ்சைச் சீமையை விட்டே ஓடிப்போனார்கள். அரசர் அழைத்தும் வரவில்லை. நியாயம் நடக்கும் என்று ஐயர் உறுதிமொழி கொடுத்த பிறகு, ஒரே நாளில் ஏழாயிரம் பேர் திரும்பி வந்தார்களாம்.

தயவு மிகுந்தவரானாலும் கண்டிப்பு இல்லாதவரல்லர். பாளையங்கோட்டையில் கிளாரிந்தா என்ற மராட்டியப் பிராமண விதவை ஞானஸ்நானம் கேட்டபோது அவர் மறுத்துவிட்டார். அந்த அம்மாள் விவாகமில்லாமல் ஓர் ஆங்கில உத்தியோகஸ்தருடன் வாழ்ந்துவந்ததே காரணம். அந்த உத்தியோகஸ்தர் இறந்தபின், 1778-இல்தான் ஞானஸ்நானம் கொடுத்தார். அந்த அம்மாள் பின்னர் முன்னின்று கட்டிய ஆலயத்தை ஊரார் பாப்பாத்தியம்மாள் கோவில் என்று அழைத்தார்கள்.

சரபோஜியின் விஷயத்துக்கு வருவோம். 1787-இல் துளஜாஜி மன்னர் மரணத் தறுவாயில், தாம் சுவீகாரம் எடுத்த சிறுவனை ஸ்வார்ட்ஸின் கையில் ஒப்புவிக்க விரும்பினார். தமக்கு அது தகாதென்று சொல்லி, மன்னரின் சகோதரர் அமர்சிங்கைப் பாதுகாவலராக்கும்படி ஐயர் யோசனை கூறினார். இது பிசகாய் முடிந்தது. சுவீகாரம் செல்லாதென்று தீர்ப்பாகி, அமர்சிங்கே அரசரானார். சிறுவனோ வெளிச்சம் புகாத அறையில், கல்வியின்றி அடைபட்டுக் கிடந்தான். தம் யோசனையின் விளைவைக் கண்ட ஐயர் சும்மாயிருக்கவில்லை. சர்க்காருக்கு எழுதி எழுதி, 1793-இல் அவனைச் சென்னைக்கு அனுப்பச் செய்தார். சாஸ்திர விசாரணை மறுபடி நடக்கவும் பாடுபட்டார். 1798-இல் சரபோஜி சிம்மாசனம் ஏறியபோது ஐயர் உயிரோடில்லை. மறுவருஷமே இராஜ்யம் கும்பினியார் கைக்குப் போய்விட்டது என்பது வேறு துக்கம்.

ஓர் அரசகுமாரன் தம் கைக்குள் இருந்தும், அவனை மதம் மாற்ற ஐயர் தம் செல்வாக்கை உபயோகிக்கவில்லை. சரபோஜி கடைசிவரை இந்துவாகவே இருந்தார்.

குறையே இல்லாதவர் என்று சொல்லமாட்டேன். தஞ்சைச் சபையில் ஜாதிக்கொரு பக்கமாக உட்காரும் வழக்கத்தை அவர் பொறுத்துக்கொண்டார். காலப்போக்கில் மறையும் என்று எண்ணினார் போலும். மறையவில்லை. 1833-இல் கல்கத்தா பிஷப் வில்ஸன் ஜாதி பேதம் கூடாதென்று உத்தரவு போட்டபோது, பலர் சபையை விட்டு வெளியேறினார்கள். எதிர்த்தவர்களில் ஐயரிடமே வளர்ந்த வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர். ஹைதரின் எதிரில் நிமிர்ந்து நின்றவர், தம் சபையின் உட்காரும் வரிசையைக் கலைக்கத் துணியாமற் போனது வருந்தத் தக்கதே.

அவர் கல்லறைக்காகச் சரபோஜி தாமே ஆங்கிலத்தில் ஒரு செய்யுள் இயற்றினார். அதோடு நில்லாமல், கண்ணந்தங்குடியில் ஏழைக் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்குச் சோறும் கல்வியும் கிடைக்க ஒரு தர்மமும் ஏற்படுத்தினார்.